தண்ணி காட்டும் வண்டி

மணி ஒன்று பதினேழு. பேட்டரியில் மிச்சம் பதினாறு சதவீதம். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நான்கு நர்ஸ்கள் காலை ஷிஃப்ட் முடிந்து, கால் கடுக்க நின்றுகொண்டிருப்பார்கள்.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த சார்ஜிங் நிலையத்துக்குள் வண்டியை விட்டு, ஒரே வளைவில் நிறுத்தினாள் டிரைவரக்கா. இறங்கிய வேகத்தில் வண்டியின் பின்பக்கத் தோளில் இருந்த சின்னக் கதவைத் தட்டித் திறந்தாள். உள்ளே மேல்வரிசையில் ஏழு சிறு துளைகள். வீட்டில் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதற்கு. கீழே இரண்டு பெரிய துளைகள், வேக சார்ஜுக்கு. கீழ்த்துளைகளை அடைத்திருந்த மூடியைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறவர்கள் செருப்பைப் பற்றியா யோசிக்கிறார்கள்? அப்படித்தான் இதுவும்.

மலைப்பாம்பு கனம் கனக்கும் கேபிளை இழுத்து வந்து, அதன் தலையை இரண்டு கையாலும் அழுத்திச் செருகினாள். 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

திரையில் எழுத்து ஓடியது. வண்டியுடன் பேசுகிறது... பாதுகாப்புச் சோதனை நடக்கிறது...

"ஏறிடு ராசா, ஏறிடு."

சார்ஜிங் நிறுத்தப்பட்டது.

பிடுங்கி மறுபடி செருகினாள். நிறுத்தப்பட்டது. பக்கத்து மெஷினுக்கு மாற்றினாள். நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும் அவள் உள்ளே நுழையும்போதுதான் அதே மெஷினில் வேறு ஒரு கார் சமர்த்தாக வயிறு நிரப்பிக்கொண்டு போயிருந்தது.

"என்ன தங்கச்சி, வண்டி தண்ணி காட்டுதா?"

திரும்பாமலே தெரிந்தது. வேன்காரர். டயர் கடைக்குக் காற்றடிக்க வந்தவர், பல்குத்தும் குச்சியோடு வேலி ஓரம் நின்றிருந்தார்.

"இல்லண்ணே. கொஞ்சம் லேட்டாகுது, அவ்வளவுதான்."

"எத்தனை நாளா கொஞ்சம் லேட்டாகுது? நேத்திக்கும் ரெண்டு மணி டிரிப்புக்கு என்னைத்தானே கூப்பிட்டாங்க." குச்சியைத் துப்பினார். "கரண்டு வண்டியெல்லாம் கண்ணாடிப் பாத்திரம் தங்கச்சி. பார்க்க அழகு, பொழங்க ஒதவாது. நீ கவலைப்படாதே. ரூட்டு எனக்கு வந்தாலும் உன்னை விட்டுடுவேனா? என் வேனையே ஓட்டு. பழைய மாதிரி."

பழைய மாதிரி. நான்கு வருஷம் அவர் வேனை ஓட்டியவள் அவள். தினமும் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று, கதவுக்கு உள்பக்கம் அடித்திருந்த ஆணியில் சாவியை மாட்டிவிட்டு, "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்து வருவாள். அந்த ஆணியிலிருந்து தப்பிக்கத்தான் இந்த வண்டி. எட்டு மாதமாக சாவி அவள் இடுப்பில் இருந்தது.

செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி சூப்பர்வைசர்.

"ம்மா, நான் கெட்டவன் இல்ல."

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் எங்கே போய் முடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க சார்."

"ஏசி இல்லாம ஊர்ந்து போறீங்கன்னு நர்ஸுங்க சொல்றாங்க. ரெண்டு டிரிப்பு வேன் அனுப்பியாச்சு. இன்னிக்கு புதன். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வண்டி பழைய மாதிரி வந்து நிக்கணும். நிக்கலேன்னா சனிக்கிழமையிலேர்ந்து வேன்தான். என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

"வந்து நிக்கும் சார்."

சொல்லிவிட்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

அன்று பதினாறு சதவீதத்தை வைத்துக்கொண்டு, ஏசியை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, நான்கு பேரையும் வீடு சேர்த்தாள். சைக்கிள்காரர் ஒருவர் அவர்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"டிரைவரக்கா," என்றாள் பின்சீட்டிலிருந்து மூத்த நர்ஸ், கைக்குட்டையால் விசிறிக்கொண்டே. "இதுக்குப் பேரு டிரைவிங் இல்ல. இட்லிப் பானையில வச்சு வேகவைக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

*

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அதுதான் தச்சரின் பட்டறை. அவள் வண்டியை வாசலுக்குள் விடும்போது அவர் ஒரு கதவுச் சட்டத்தை மடியில் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். காதில் பென்சில். புருவத்தில் மரத்தூள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தப் புருவத்தைக் கறுப்பாக அவள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

"ஏறலையா?"

"ஏறல."

"வொர்க்‌ஷாப்ல என்ன சொன்னான்?"

"அவன் போன வெள்ளிக்கிழமை சொன்னதையேதான் சொல்றான். பேட்டரி போச்சாம். முழுசா மாத்தணுமாம். இல்லேன்னா வித்துடுங்கன்னு சொல்றான்."

தச்சர் தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "ஒத்துவரலேன்னா குடுத்துடு. எதுக்கு ஒடம்பைக் கெடுத்துக்கறே?"

அவள் உள்ளே போனாள். இந்த வண்டி வாங்கிய நாளிலிருந்தே அவருக்கு அதைப் பிடிக்கவில்லை. "சத்தம் போடாத வண்டியை எப்படி நம்புறது? ரம்பம் கத்துது, உளி கத்துது. வேலை செய்யற எதுவும் சத்தம் போடணும்" என்பது அவர் கட்சி. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அதில் ஏறி உட்காரவில்லை. எங்கே போனாலும் தன் பழைய மொபெட்தான்.

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது நாத்தனார் வந்து சேர்ந்தாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள். தச்சரின் ஒரே தங்கை. கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டரைச் செருகியிருப்பாள். அதனால் வீட்டில், வேலையில், தெருவில் எங்குமே அவள் 'டெஸ்டர்'தான்.

"அண்ணி, மூஞ்சி ஏன் இப்படி மூணாவது மாடியில மாட்டிக்கிட்ட லிஃப்ட் மாதிரி இருக்கு?"

"வா, வா. நீ ஒருத்திதான் கிண்டல் பண்ண பாக்கி."

"சோறு போடுங்க. அப்புறம் பண்றேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே டெஸ்டர் கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

"வீட்டு பிளக்குல ஏறுதா?"

"ஏறுது. ராத்திரி போட்டா காலையில நூறு."

"நூறுல கெளம்பினா வழக்கமா போற தூரம் போகுதா?"

"கொஞ்சம்கூடக் கொறையல."

"அப்போ பேட்டரி போகலை அண்ணி. அந்த வொர்க்‌ஷாப்காரன் புத்திதான் போயிருக்கு. வயிறு நல்லாத்தான் இருக்கு. வாயில இருந்து வயித்துக்குப் போற வழியில எங்கயோ கோளாறு." ஊறுகாயை நக்கினாள். "புதுசா எதாவது மாத்துனீங்களா? ரெண்டு வாரத்துல?"

டிரைவரக்கா நன்றாக யோசித்தாள். "டயர் மாத்தல. கண்ணாடி மாத்தல. ஒண்ணுமே மாத்தல."

"எங்கயாவது இடிச்சீங்களா?"

"ஏய்!"

"சரி சரி, கேக்கணும்ல. நாளைக்கு அரை நாள் லீவு போடறேன். ஒரு மணிக்கு சார்ஜிங் எடத்துக்கு வரேன். லிஃப்டும் காரும் ஒண்ணுதான் அண்ணி. ஒண்ணு மேல போகுது, இன்னொண்ணு நேரா போகுது. ரெண்டுமே போகமாட்டேன்னா காரணத்தைச் சொல்லிட்டுத்தான் நிக்கும். நமக்குத்தான் காது கேக்காது."

வாசலில் தச்சர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டும் கேளாதவர் மாதிரி.

*

வியாழக்கிழமை. வெயில் தகரத்தைச் சுட்டது. டிரைவரக்கா முன்னதாகவே வந்து, சின்னக் கதவைத் திறந்து, மூடியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டு, ஒரு தடவை முயன்று தோற்று முடித்திருந்தாள். சட்டைப் பையின் ஓரம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று துடைத்துவிட்டாள்.

டெஸ்டர் தன் ஸ்கூட்டரில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்ததும் எதையும் தொடவில்லை. திரைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இப்ப செருகுங்க. நான் பார்க்கணும்."

செருகினாள். வண்டியுடன் பேசுகிறது... பாதுகாப்புச் சோதனை நடக்கிறது... நிறுத்தப்பட்டது.

"இன்னொரு தடவை. கேபிளோட கனம் தொங்காம நான் தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கறேன். சில நேரம் சரியா ஒக்காராது."

தாங்கிப் பிடித்தாள். அதே இடத்தில் நின்றது. வண்டியை முழுசாக அணைத்து, பூட்டி, ஐந்து நிமிஷம் தூங்க வைத்துவிட்டுத் திரும்ப முயன்றார்கள். அதே இடம்.

"நல்ல வேளை!" என்றாள் டெஸ்டர்.

"என்னடி நல்ல வேளை? எனக்கு இங்க உயிர் போகுது."

"ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல நின்னாத்தான் தலைவலி. இது ஒரே எடத்துல நிக்குது பாருங்க. வண்டியோட பேசி முடிச்சிடுது. அப்படின்னா ரெண்டுக்கும் பாஷை புரியுது. பூட்டும் விழுந்துடுது. சோதனையிலதான் நிக்குது." மெஷின்மேல் தட்டினாள். "இது எவ்வளவு பெரிய கரண்டு தெரியுமா? கண்ணை மூடிட்டு ஊத்த முடியாது. குடத்துல தண்ணி பிடிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டை இருக்கான்னு தூக்கிப் பார்ப்போம்ல, அந்த மாதிரி முதல்ல ஒழுகுதான்னு பாக்கும். கரண்டு போக வேண்டிய கம்பியை விட்டுட்டு வண்டியோட ஒடம்புக்கு எங்கயாவது ஒழுகுச்சுன்னா, 'போம்மா நீயும் உன் காரும்'னு நிறுத்திடும்."

"அப்போ எங்கயோ ஒழுகுதா?"

"பாத்துடுவோம். கேபிளைக் கழட்டுங்க. வண்டியை அணைங்க."

தகரப் பெட்டியிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு மீட்டரை எடுத்தாள். லிஃப்ட் மோட்டார்களில் ஒழுக்குப் பார்க்கிற மீட்டர். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு முனையைப் பெரிய துளைக்குள் இருந்த பின்னிலும் இன்னொன்றைப் பக்கத்திலேயே இருந்த எர்த் பின்னிலும் வைத்தாள். முள் எழும்பாமல் சோம்பலாகக் கிடந்தது.

"நல்லா இருந்தா முள் எழும்பணும். ஒழுகுது அண்ணி."

"உள்ளயா?"

"அதான் தெரியல. வாயிலயா, உள்ளயான்னு. உள்ளன்னா வண்டியோட வயித்தைக் கிழிக்கணும். அது என் வேலை இல்ல, கம்பெனி வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்காது."

டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடி, வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு செய்த காரியம்தான் டிரைவரக்காவைத் திகைக்க வைத்தது. மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள்.

"அண்ணி, நீங்க மோந்து பாருங்க."

"என்னால முடியாது. யாராவது பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"காருக்கு மூக்கு ஒழுகுதுன்னு நெனைப்பாங்க. பாருங்க."

குனிந்து மோந்தாள். ரப்பர் வாசனை. சூடு. அதற்குள்ளே இன்னொன்று, இனிப்பும் துவர்ப்புமாக, ரொம்பத் தெரிந்த வாசனை.

"புது அலமாரியைத் தொறந்தா வருமே, அந்த மாதிரி இருக்கு."

"அதேதான்! காருக்குள்ள அலமாரி எப்படி வந்துச்சு?" டெஸ்டர் டார்ச்சைத் திருப்பினாள். "பின்னைச் சுத்திப் பாருங்க, டீ டம்ளர் வச்ச எடம் மாதிரி பழுப்பா வளையம். தினமும் இப்படியேதான் நிக்குதா? ஒரு நாளாவது ஏறுச்சா?"

"நடுவுல மூணு நாள் நல்லா ஏறுச்சு. தானா வந்தது தானா போச்சுன்னு நெனைச்சேன்."

"எந்த மூணு நாள்?"

டிரைவரக்கா செல்போனைத் திறந்தாள். சார்ஜிங் ஆப்பில் வரிசையாக இருந்தது. போன திங்கள்: நின்றது. செவ்வாய்: முடிந்தது. புதன்: முடிந்தது. வியாழன்: முடிந்தது. வெள்ளி: நின்றது. அதற்கு முந்தின வாரம் பாதிக்கு மேல் நின்றது. அதற்கும் முன்னால் மாதக்கணக்கில் ஒரே முடிந்தது, முடிந்தது, முடிந்தது.

செவ்வாய், புதன், வியாழன்.

அவள் விரல் திரையில் அப்படியே நின்றது.

போன திங்கள் விடிகாலை தச்சர் வெளியூருக்குக் கிளம்பினார். ஒரு பெரிய அடுக்குமாடிக்குக் கதவு மாட்டுகிற வேலை. திரும்பி வந்தது வியாழன் சாயங்காலம். மறுநாள் வெள்ளி, வண்டி நின்றது.

அவர் இருந்தால் ஏறுவதில்லை. அவர் இல்லாவிட்டால் ஏறுகிறது.

ஒத்துவரலேன்னா குடுத்துடு.

"என்ன அண்ணி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? எதாவது ஞாபகம் வந்துச்சா?"

அண்ணன்மேல் சந்தேகம் என்று தங்கையிடம் எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணுமில்ல. வெயில்," என்றாள். மூடியை எடுத்துத் துளைகளில் அடைத்தாள். டெஸ்டர் அந்த நேரம் பார்த்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

*

சாயங்காலம் ஆறு மணி. வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. டெஸ்டர் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். டிரைவரக்கா பாலைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்தாள். அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே வண்டி.

தச்சர் கொட்டகையிலிருந்து வந்தார். கையில் பிளாஸ்டிக் மக். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியின் தோளருகே போனார். சின்னக் கதவைத் திறந்தார்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே குனிந்து எதையோ பிடுங்கினார். மக்கில் போட்டார். தண்ணீர் சலசலத்தது.

"அண்ணி, பால்!"

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. டிரைவரக்கா அடுப்பை அணைக்கவில்லை. வாசல் தாண்டி ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டு டெஸ்டரும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்ன பண்றீங்க?"

தச்சர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஊற வைக்கிறேன்."

"எதை?"

"மூடியைத்தான்." மக்கைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீருக்குள் மூடி கிடந்தது. நல்ல தேக்குக் கட்டையில், இரண்டு உருண்டை முளை வைத்து, அளவு பிசகாமல் இழைத்த மூடி. ஒரு மாதத்துக்கு முன்னால் வண்டியோடு வந்த ரப்பர் மூடி அறுந்து விழுந்தபோது, தூசி போய்விடுமே என்று அவரே ஒரு ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுத்தது. "தேக்கா இருந்தாலும் வெயில்ல கெடந்தா சுருங்குது. ராத்திரி தண்ணில போட்டா பருத்துக்கும். காலையில நீ கெளம்பறதுக்கு முன்னாடி நானே எடுத்து வச்சுட்டா சிக்குனு ஒக்காரும். தினமும் பண்றதுதானே?"

"தினமுமா?"

"நீதானே சொன்னே? மூடி கடகடன்னு ஆடுது, எந்தத் திருப்பத்துலயாவது விழுந்து தொலையப்போகுதுன்னு. ரெண்டு வாரமாச்சு. அதுக்கப்புறம் ஆடிச்சா?"

ஆடவில்லை. சொன்னதும் அவள்தான். ஒரு நாள் காலையில், ஷூவை மாட்டிக்கொண்டே, போகிறபோக்கில். சொன்னதையும் மறந்தாள், ஆட்டம் நின்றதையும் கவனிக்கவில்லை. இல்லை, நடுவில் ஆடியது. அவர் ஊரில் இல்லாத அந்த மூன்று நாள்.

டெஸ்டர் மக்கைப் பிடுங்கினாள். மூடியை வெளியே எடுத்து மோந்தாள். பிறகு நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாள்.

"அலமாரி!"

"என்னடி?" என்றார் தச்சர்.

"அண்ணா, நீ பெரிய தச்சன்தான். ஒத்துக்கறேன். கதவு நெலை எல்லாம் உன்கிட்ட கைகட்டி நிக்கும். ஆனா கரண்டு வாய்க்குள்ள ஈரக்கட்டையைத் திணிச்ச மொத ஆளு நீதான்! ராத்திரி முழுக்க குடிச்ச தண்ணியை இது பகல் முழுக்க உள்ள கக்குது. வெளிக்காத்தும் போகாது. அந்த ஈரம் பின்னுக்கும் ஒடம்புக்கும் நடுவுல பாலம் போட்டுடுது. மெஷின் பார்க்குது, ஒழுகுதுன்னு நிறுத்திடுது."

"வீட்டுல ஏறுதே?"

"அது மேல் ஓட்டை. உன் கட்டை அடைச்சிருக்கறது கீழ் ஓட்டையை. இதை ஒரு வொர்க்‌ஷாப்காரன் கண்டுபிடிப்பானா? ஜென்மத்துக்கும் மாட்டான். எவன் கார்ல தேக்கு இருக்கு?" அண்ணிபக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணி, புதுசா எதாவது மாத்துனீங்களான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. இப்படி ஒரு கட்டை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீ மாத்துனீங்களான்னுதானே கேட்டே? அது... மூடி. அது மூடிதானே?" டிரைவரக்கா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். மதியம் வியர்வை என்று துடைத்த ஈரம்.

தச்சர் வண்டியையும் மக்கையும் மாறிமாறிப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தார்.

"அப்போ... நான்தானா?"

டெஸ்டர் மேஜை விசிறி எங்கே என்று கேட்டபடி உள்ளே போனாள்.

வெளிச்சம் அடங்குவதற்குள் வேலை முடிந்தது. டெஸ்டர் வண்டியை முழுசாக அணைத்து, கையுறை போட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றி, பின்னைச் சுற்றிய பழுப்பு வளையத்தைத் துடைத்தெடுத்தாள். கூடவே நூல் கனத்தில் இரண்டு மரநார் வந்தன. "இதோ பாருங்க, எதிரி" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பிறகு ஸ்டூல்மேல் மேஜை விசிறியை ஏற்றி, திறந்த வாய்க்கு நேராகத் திருப்பிவிட்டாள். கார், பல் டாக்டரிடம் உட்கார்ந்த பெரிய மனுஷர்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"காலையில வந்து மீட்டர் வச்சுப் பாக்கறேன். ஒழுக்கு நின்னிருந்தா வாயிலதான் கோளாறு. நிக்கலேன்னா..." என்று இழுத்தவள் முடிக்காமலே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

காலையில் வந்து மீட்டரை வைத்தபோது முள் எழும்பியது. ஆனால் முழுசாக இல்லை; முக்கால்வாசி.

"போதுமா?" என்றாள் டிரைவரக்கா.

"மெஷினைத்தான் கேக்கணும். மதியம்வரைக்கும் மூடியே போடாம ஓட்டுங்க. வெயில் பாத்துக்கும்."

*

வெள்ளிக்கிழமை. மணி ஒன்று பன்னிரண்டு. பதினான்கு சதவீதம்.

நிலையத்தில் கூட்டம் கூடியிருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டெஸ்டர் மெஷின்மேல் சாய்ந்திருந்தாள். வேன்காரர் தன் வேனை வேலி ஓரம் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். சூப்பர்வைசர் எதற்கும் தயாராக இருக்கச் சொன்னாராம். மொபெட்டை உருட்டிக்கொண்டு தச்சரும் வந்திருந்தார். அவர் கிட்டே வரவில்லை. பசை காய்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி, தள்ளி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிரைவரக்கா கேபிளைச் செருகினாள். டக்.

வண்டியுடன் பேசுகிறது...

"என்ன தங்கச்சி, பேசி முடிச்சாச்சா?" என்றார் வேன்காரர் ஜன்னல் வழியாக.

"அண்ணே, அது பேசறப்ப நாம பேசக்கூடாது," என்றாள் டெஸ்டர்.

பாதுகாப்புச் சோதனை நடக்கிறது...

இங்கேதான். எப்போதும் இங்கேதான். டிரைவரக்கா எண்ண ஆரம்பித்தாள். நான்கு. ஐந்து. வழக்கமாக ஆறில் நின்றுவிடும். ஆறு. ஏழு. கையில் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அதன் பல் உள்ளங்கையில் பதிந்தது. எட்டு.

திடீரென்று வண்டியின் அடிவயிற்றில் 'டொக்' என்று ஏதோ விழுந்தது. மெஷினுக்குள் ஒரு பெரிய விசிறி விழித்துக்கொண்டு உறுமியது. அதற்குப் பதில் சொல்வதுபோல வண்டியின் மூக்கிலிருந்தும் ஒரு 'ஹூம்' கிளம்பி, ஏறி, தெருவரை கேட்டது.

திரையில் பதினான்கு பதினைந்தானது.

"ஏறுது!" என்று கத்தினாள் டெஸ்டர். "அண்ணி, ஏறுது!"

டிரைவரக்காவுக்குக் கத்தத் தோன்றவில்லை. பானெட்மேல் கையை வைத்தாள். அது அதிர்ந்தது.

வேன்காரர் திரையைப் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லையே. நல்லதுதான் தங்கச்சி, நல்லதுதான்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, வேனைத் திருப்பிக்கொண்டு போனார்.

தச்சர் அப்போதுதான் பக்கத்தில் வந்தார். தலையைச் சாய்த்து உறுமலைக் கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"சத்தம் போடுதே!"

"போடும். இந்த மாதிரி வேகமா ஏத்தறப்ப சூடாகும்ல, விசிறி ஓடும்," என்றாள் மனைவி.

"எட்டு மாசமா நீ சொல்லவே இல்லையே. இப்பத்தான் ஒரு வண்டி மாதிரி இருக்கு."

"நீங்க வந்து பார்த்தாத்தானே?"

அவர் முன்கதவைத் திறந்தார். பேன்ட்டில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, அளவெடுக்கிறவர்போல சீட்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே உட்கார்ந்தார். டிரைவரக்கா அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார், கண்ணாடிக்கு நேராகப் பார்த்துக்கொண்டே. "நேத்து நீ ஓடி வந்த வேகத்தைப் பார்த்தேன். என்னைத்தானே சந்தேகப்பட்டே? வேணும்னே பண்றேன்னு."

பொய் சொல்லலாம். பதினோரு வருஷத்தில் சின்னச் சின்னதாக எத்தனையோ சொல்லியாகிவிட்டது.

"ஆமாங்க."

தச்சர் தலையை ஆட்டினார்.

"சரியான ஆளைத்தான் சந்தேகப்பட்டிருக்கே," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை தொண்டைக்குக் கீழேயும் இறங்கியது. ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நெற்றி பட்டு ஹாரன் பிளிறியது. வெளியே டெஸ்டர் துள்ளி விழுந்தாள்.

இரண்டு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், "நான் சொன்னேன்ல" என்று யாரிடமோ சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது.

*

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து புது ரப்பர் மூடி வந்தது. அதை மாட்டியது டெஸ்டர். தச்சரை நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மாட்டினாள்.

பழைய தேக்கு மூடி மூன்று நாள் ஜன்னல் விளிம்பில் காய்ந்தது. காய்ந்து, சுருங்கி, லேசானது. நாலாம் நாள் தச்சர் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். ஒரு துளை போட்டு, மெழுகு தேய்த்து, பித்தளை வளையம் ஒன்றைக் கோத்து, சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அவள் வண்டிச் சாவி அதில்தான் தொங்குகிறது. சாவியைவிடச் சாவிக்கொத்து பெரிசு. எந்த ஆணியில் மாட்டினாலும் நிற்காது, விழுந்துவிடும்.

"இது என்ன டிரைவரக்கா, பம்பரமா?" என்றாள் மூத்த நர்ஸ் ஒருநாள், பின்சீட்டிலிருந்து எட்டி அதைத் தொட்டுப் பார்த்து. ஏசி காற்றில் அவள் கைக்குட்டைக்கு வேலையே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு செஞ்சது."

"நல்லா வழவழன்னு இருக்கே. எதுக்கு இது?"

டிரைவரக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்து, வண்டியை வளைவில் திருப்பினாள். சாவிக்கொத்து கடகடவென்று ஆடியது. அவள் அதை ஆட விட்டாள்.

"எல்லாத்துக்கும் ஆகும். ஒண்ணே ஒண்ணு, இதுக்கு மட்டும் தண்ணி காட்டக்கூடாது. காட்டினோம்னா அது நமக்குக் காட்டிடும்."